பழைய டீசல் காரின் ஓட்டோ கியருக்கு புளூடூத் ஸ்கேனர்: காசு வீண்

மட்டக்களப்பில் போன் சாமான் விற்கிற கடைகளிலும் கிடைக்கிறது, ஒன்லைனிலும் கிடைக்கிறது, காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் போனில் காட்டும் இந்த ஈஎல்எம் 327 புளூடூத் ஸ்கேனர். கியர் இழுபடுது, அடிச்சு மாறுது என்றதும் "முதல்ல ஸ்கேன் பண்ணிப் பாருங்க" என்று ஒருவர் சொல்வார், அடுத்த நாள் இது வீட்டுக்கு வந்துவிடும். 2சீ எஞ்சின் போட்ட சீஈ 110 கொரோலா, சீடி 190 கொரோனா மாதிரி 1990களின் ஜப்பான் டீசல் கார்களுக்கு எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று.

சாமானில் பெரிய பிழை இல்லை. அது ஓபிடி 2 என்ற பொதுக் கோளாறு வாசிப்பு முறையில் பேசும் வாகனத்துக்குச் செய்தது. அந்த முறை அமெரிக்காவில் 1996இலும், ஐரோப்பிய டீசல் கார்களுக்கு 2004இலும்தான் கட்டாயமானது. ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்கு அந்தக் காலத்தில் வந்த கார்களில் அதே 16 பின் சொக்கெட் இருந்தாலும் உள்ளே ஓடுவது கம்பனியின் சொந்த முறை. போன் அப் "இணைக்கிறது" என்று சுற்றிக்கொண்டே இருக்கும். கவரில் வேர்ஷன் 2.1 என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், கடையில் இருப்பவை பெரும்பாலும் நகல் சிப்.

இன்னொன்று: பல கியர் பெட்டிகளில் வாசிக்கக் கம்ப்யூட்டரே கிடையாது. பொனட்டுக்குள் இருக்கும் தகட்டில் கியர் பெட்டியின் குறியீட்டைப் பாருங்கள். ஏ131எல் என்று எல் எழுத்தில் முடிந்தால் கியர் மாறுவது முழுக்க ஒயில் அழுத்தத்தால். ஈ என்று முடிந்தால்தான் சொலனொயிட் (மின்னால் ஒயில் வழியைத் திறந்து மூடும் வால்வு), சென்சர் எல்லாம்.

ஈ வகைக்கும் ஸ்கேனர் தேவையில்லை, ஒரு துண்டு வயர் போதும். பொனட்டுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியின் மூடியில் பின்களின் பெயர் அச்சிட்டிருக்கும். டீஈ1, ஈ1 இரண்டையும் வயரால் இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ஓன் பண்ணி, ஓவர் டிரைவ் (ஆகக் கூடிய கியர்) பொத்தானை ஓனில் விடுங்கள். டாஷ்போட்டில் "ஓ/டி ஓஃப்" லைட் சிமிட்டும். ஒரே சீராகச் செக்கனுக்கு இரண்டு தடவை சிமிட்டினால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை. சிமிட்டில் வரும் கோட் 42, 61 என்றால் வேக சென்சர்கள், 62, 63 என்றால் கியர் மாற்றும் சொலனொயிட்டுகள், 64 என்றால் லொக் அப் (சீராக ஓடும்போது எஞ்சினையும் பெட்டியையும் நேரே பூட்டுவது) சொலனொயிட். 62 வந்தால் ஆறு சிமிட்டு, சிறு இடைவெளி, பிறகு இரண்டு சிமிட்டு. பின் மாறி வயர் குத்தினால் கம்ப்யூட்டர் போய்விடும், எழுத்தை இரண்டு தரம் வாசியுங்கள்.

கோட் வந்ததும் சொலனொயிட் வாங்க ஓட வேண்டாம். மல்டிமீற்றரால் சொலனொயிட் பின்னுக்கும் காரின் இரும்பு பொடிக்கும் இடையே அளந்தால் 11 முதல் 15 ஓம் வர வேண்டும். கல்லடி, காத்தான்குடிப் பக்கம் கடற்கரையோரம் நிற்கும் கார்களில் பழுது பெரும்பாலும் கனெக்டரில் பச்சை பிடித்துக் கிடப்பதுதான். இன்னொரு வழி, சொலனொயிட் கனெக்டரையே கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. பல ஈ வகைப் பெட்டிகளில் எல் போட்டால் முதல் கியர், 2 போட்டால் மூன்றாவது, டி போட்டால் ஓவர் டிரைவ் நேரே விழும். அப்படி ஒழுங்காக விழுந்தால் பெட்டி நல்லது, பிழை வயரில். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பெட்டியை இறக்குகிற கராஜுக்கு வாகனத்தைக் கொடுக்காதீர்கள்.

எந்த வகையானாலும் எலெக்ட்ரிக் வேலைக்கு முன் ஒயில். களுவாஞ்சிக்குடி வரை போய் வந்தால் 70 – 80 பாகைக்குச் சூடாகிவிடும். சமதரையில் எஞ்சின் ஓடும்போதே லீவரைப் பீயிலிருந்து எல் வரை கொண்டுபோய்த் திரும்பப் பீக்கு வந்து, டிப் ஸ்டிக்கில் 'ஹொட்' கோடுகளுக்குள் இருக்கிறதா பாருங்கள். வெள்ளைத் துணியில் தேய்த்து மணந்தும் பாருங்கள். கருத்துத் தீய்ந்த மணம் என்றால் கிளச் தட்டு எரிந்திருக்கிறது, ஒயில் மாற்றினாலும் அது திரும்பி வராது. பால் கலந்த ரோஸ் நிறம் என்றால் தண்ணீர். மாரி வெள்ளத்தில் நின்ற காரா, றேடியேற்றருக்குள் இருக்கும் ஒயில் கூலர் ஓட்டையா என்று பிறகு பார்க்கலாம், அதுவரை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். கிளச் தட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையைத் தண்ணீர் கழற்றிவிடும். ஏ131எல் மாதிரிச் சிலவற்றில் டிஃபரன்ஷியலுக்குத் தனியாக 1.4 லீற்றர் ஒயில் உண்டு. அதை யாரும் பார்ப்பதில்லை.

அடுத்தது திரொட்டில் கேபிள், அக்சிலேட்டர் எவ்வளவு மிதிபட்டது என்று கியர் பெட்டிக்குக் காட்டுவது. டீசல் காரில் இது டீசல் பம்பின் லீவரோடு சேர்ந்து இழுபடும். பம்ப் வேலை செய்து பூட்டும்போது இதைச் சரியாக வைக்காமல் விடுவது வழமையான பிழை. அக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி, கேபிள் உறையின் நுனிக்கும் கேபிளில் இருக்கும் ஸ்டொப்பருக்கும் இடைவெளி 0 – 1 மில்லிமீற்றர். தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து கியர் முந்தி மாறும், சறுக்கும், கடைசியில் எரியும். இறுகியிருந்தால் பிந்தி, அடித்து மாறும்.

லீவரை நியூட்ரலிலிருந்து டிக்குப் போட்டால் 1.2 செக்கனுக்குள்ளும், றிவேர்ஸுக்குப் போட்டால் 1.5 செக்கனுக்குள்ளும் பிடிக்க வேண்டும். ஹான்ட் பிரேக் இழுத்து, ஒரு நிமிடம் இடைவிட்டு மூன்று தரம் பார்த்துச் சராசரி எடுங்கள். ஈ வகைக் கார் 70 கிலோமீற்றர் வேகத்தில் சீராகப் போகும்போது அதிர்ந்தால் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். ஆர்பிஎம் சற்று ஏறி அதிர்வு நின்றால் பிழை லொக் அப்பில், நிற்காவிட்டால் எஞ்சினையோ மவுன்டிங்கையோ பாருங்கள். டீசல் ஃபில்டர் அடைத்து இழுவை குறைந்த காரை "கியர் சறுக்குது" என்று கொண்டுவருவார்கள். சறுக்கினால் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. இழுவை இல்லாவிட்டால் இரண்டும் ஏறாது.

நமது ஊரின் தட்டைத் தரை ஒரு சிக்கல். செங்கலடியிலிருந்து மகா ஓயா தாண்டி, பிபிலைக்கு அப்பால் லுணுகலை ஏற்றம் வரும்வரை பல பெட்டிகள் நல்ல பிள்ளையாகவே ஓடும். பழைய ஓட்டோ கார் வாங்குகிறவர் அந்த ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது நல்லது.

அந்த ஸ்கேனர் 2004க்குப் பிந்திய ஐரோப்பிய டீசலுக்கும், ஓபிடி 2 உள்ள புதிய வாகனங்களுக்கும் சரி. கியர் பெட்டி விஷயத்தில் அங்கேயும் பீ0700 என்ற பொதுக் கோடோடு நின்றுவிடலாம், விபரத்துக்குக் கம்பனி மென்பொருள் வேண்டும். வாங்கினால் சொருகியபடியே காரை விட்டுவிடாதீர்கள். சொக்கெட்டின் 16ஆம் பின்னில் சாவி ஓஃப் என்றாலும் மின் இருக்கும், சில நாள் நின்றால் பற்றரி இறங்கிவிடும்.