பாப்ளினா, கேம்பிரிக்கா? ஒட்டுத்துணிப் போர்வைக்கு ஏற்ற பருத்தி

என் தங்கை மகளுக்குத் தைத்த முதல் ஒட்டுத்துணிப் போர்வையில், ரோஜா நிற மல் துணியையும் கருநீலப் பாப்ளினையும் அடுத்தடுத்து வைத்தேன். நிறங்கள் அவ்வளவு பொருந்தின. ஓராண்டுத் துவையலுக்குப் பிறகும் பாப்ளின் அப்படியே இருந்தது. மல் மட்டும் தையல் ஓரமாக நைந்து கிழிந்து, பஞ்சு எட்டிப் பார்த்தது. இரண்டும் சுத்தமான பருத்திதான். கனமான துணியின் இழுப்பை மெல்லிய துணியால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து நிறத்துக்கு முன்னால் எதோடு எது சேரும் என்பதைத்தான் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் குயில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வைக்கென்றே அச்சிட்டு விற்கும் பருத்தித் துணியை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். சாதா நெசவு, சுமார் 44 அங்குல அகலம், அங்குலத்துக்குப் பாவிலும் (நீளவாக்கு நூல்) ஊடையிலும் (குறுக்குவாக்கு நூல்) ஏறக்குறையச் சமமாக 60 முதல் 75 நூல். அந்தச் சமநிலைதான் அதன் சிறப்பு. சதுரத்தை எந்தப் பக்கம் திருப்பித் தைத்தாலும் ஒரே மாதிரி இழுபடும். இறக்குமதித் துணி நம் ஊரில் விலை அதிகம். பருத்தி நெய்யும் நாட்டில் இருந்துகொண்டு அதைத் தேடிப் போகவேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் நம் கடைகளில் போட்டியிடுபவை பாப்ளினும் கேம்பிரிக்கும்.

பாப்ளின் பெரும்பாலும் 40ஆம் நம்பர் நூலில் நெய்யப்படுகிறது. ஒரு பவுண்டு நூலில் 840 கெஜ நீளச் சிட்டங்கள் (நூல் சுருள்கள்) எத்தனை இருக்கின்றன என்பதே நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். பாப்ளினில் பரவலாகக் கிடைக்கும் ரகத்தில் அங்குலத்துக்குப் பாவு நூல் 132, ஊடை நூல் 72. பாவு கிட்டத்தட்ட இரு மடங்கு. அதனால் நீளவாக்கில் இரும்பு போல நிற்கும் துணி, அகலவாக்கில் கொஞ்சம் நெகிழும். முக்கோணங்களை வெட்டும்போது இதை மறந்தால், கட்டங்களின் முனைகள் ஒன்றோடொன்று சேராது. ஆனால் கனத்தில் அமெரிக்கத் துணிக்கு இதுதான் நெருக்கம். பிரிந்து நூல் வராது, கால் அங்குலத் தையலை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். தையல் இயந்திரத்தில் தைப்பவர்களுக்கு நான் தயங்காமல் பாப்ளினைச் சொல்வேன். கையால் தைப்பவர்களுக்குச் சொல்லமாட்டேன். அந்த நெருக்கமான பாவுக்குள் ஊசியை ஒரு மாலைப் பொழுது முழுக்க ஏற்றி இறக்கினால் விரல் நுனி மரத்துவிடும்.

கேம்பிரிக் வேறு குணம். ஜெய்ப்பூர் அச்சுத் துணிகளில் பல இந்த வகைதான். 60ஆம் நம்பர் நூல். பாவு 92, ஊடை 88 என்பது வழக்கமான கணக்கு. சமநிலை கிட்டத்தட்ட முழுமையாக இருக்கிறது. எட்டு முக்கோண முனைகள் ஒரே புள்ளியில் கூடும் நட்சத்திரக் கோலத்தைப் பாப்ளினில் தைத்தால் நடுவில் ஒரு மொட்டு எழும்பி நிற்கும். கேம்பிரிக்கில் இஸ்திரிப் பெட்டி பட்டதும் தட்டையாகப் படிந்துவிடும். ஊசியும் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். குறை என்றால் மெல்லிசு. வெள்ளை கேம்பிரிக்குக்கு அடியில் கறுப்புத் துணியின் தையல் மடிப்பு நிழலாகத் தெரியும். மடிப்பைக் கறுப்புப் பக்கமாகவே படியவைத்து இஸ்திரி போட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். நம் வெயிலுக்குக் கனமான போர்வை யாருக்கு வேண்டும்? கையால் தைப்பதாக இருந்தால் என் தேர்வு எப்போதும் கேம்பிரிக்தான்.

ரவிக்கைத் துணியான டூ பை டூவை மறந்துவிடக் கூடாது. பாவிலும் ஊடையிலும் இரட்டை முறுக்கு நூல் போட்டது என்பதால் இந்தப் பெயர். மேட்சிங் கடையில் ஒரே பச்சையில் இருபது சாயல் எடுத்துப் போடுவார்கள். வெற்று நிறங்களுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் பாலியஸ்டர் கலந்ததும் அதே அலமாரியில் அதே பெயரில் இருக்கும். நாலு நூலை உருவி வந்து வீட்டில் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். கலப்பு இருந்தால் உருகி, கெட்டியான மணியாகத் திரளும்.

மல் துணியைப் பாப்ளினோடு சேர்க்காதீர்கள். மல்லோடு மல் சேர்த்தால் குழந்தைப் போர்வைக்கு அதைவிட இதம் கிடையாது. கைத்தறியில் சென்னிமலைப் படுக்கை விரிப்பு அடிப்பக்கத்துக்கு நல்லது: ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக அமைந்துவிடும். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியின் புள்ளிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்ட எனக்கு மனம் வருவதில்லை. பெரிய கட்டங்களாக விட்டால்தான் அந்தக் கைவேலை கண்ணில் படும்.

எதை வாங்கினாலும் கஞ்சியை நம்பாதீர்கள். கடையில் விறைப்பாக நிற்கும் துணியை இரண்டு கைகளுக்கிடையில் கசக்கினால் சில சமயம் வெள்ளைப் பொடி உதிரும். பிறகு வெளிச்சத்தில் பிடித்தால் நெசவின் ஓட்டைகள் தெரியும். அதைத் திருப்பி வைத்துவிடலாம். பத்து அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, வெந்நீரில் துவைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். ஒன்பதரை ஆனால் ஐந்து சதவீதச் சுருக்கம். மொத்தத் துணியையும் துவைத்த பிறகே கத்தரியை எடுக்கவேண்டும்.

சாயத்துக்கு, ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பதே சோதனை. கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாயத்தொட்டியில் நூல் நிறத்தை உறிஞ்சத்தான் உப்பு உதவுகிறது. கடைக்கு வந்துவிட்ட துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை அது பிடித்து வைக்காது. நீர் தெளியும்வரை அலசுங்கள். தெளியவே இல்லையென்றால், அந்தச் சிவப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இவை எல்லாவற்றோடும் போட்டிபோடும் துணி வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது: பழைய நூல் சேலையும் வேட்டியும். சுருங்குவதும் சாயம் போவதும் எப்போதோ முடிந்துவிட்டன. வங்காளத்துக் காந்தா பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்தே வளர்ந்த கலை. பிறந்த குழந்தையை நாமும் பழைய வேட்டியில்தானே ஏந்துகிறோம்? சேலையில் உட்காரும் இடமும் கொசுவப் பகுதியும் முதலில் நையும். முந்தானைப் பக்கம் உறுதியாக இருக்கும். இரண்டு கட்டைவிரல்களாலும் இழுத்துப் பார்த்து, முனகும் இடத்தை விட்டுவிடுங்கள். இப்போது என் தையல் சட்டத்தில் இருக்கும் போர்வைக்கு மேலே கேம்பிரிக், அடியில் அப்பாவின் எட்டு முழ வேட்டி. அதன் கரையை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறேன்.