டபுள் கிரவுன் சிப் என்று சொல்லி விற்கிறார்கள், கவனம்

பழைய டாக் (டிஜிட்டல் இசையை ஒலி சிக்னலாக மாற்றித் தரும் பெட்டி) வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பிலிப்ஸின் டிடிஏ 1541ஏ சிப்புக்காகவே எண்பதுகளின் டாக்குகளைத் தேடி அலைகிறோம். 16 பிட், மல்டிபிட் ரகம். ஒவ்வொரு பிட்டுக்கும் உரிய மின்னோட்டத்தைத் தனித்தனியாகப் பிரித்து, பிறகு கூட்டி ஒலியாக்குகிறது. அந்தப் பிரிப்பு பிசகாமல் இருக்க சிப்பைச் சுற்றி 14 கெப்பாசிட்டர்கள். மூடியைத் திறந்து அந்த அமைப்பைப் பார்ப்பதே ஒரு சுகம். குரலும் வயலினும் இதில் கேட்கிற நிறைவு எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

சோதனையில் துல்லியமாக வந்த சிப்புகளைப் பொறுக்கி, மேலே கிரீடம் அச்சிட்டார்கள். ஒரு கிரீடம் எஸ்1, இரண்டு கிரீடம் எஸ்2. உற்பத்தி நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. எஸ்2 ரொம்பவே அரிது. ஏமாற்றுக்காரர்கள் நுழைவது இங்கேதான்.

"ஒரிஜினல் எஸ்2 சார், கம்பெனியில் வந்தபடியே இருக்கு" என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்பே வாங்கிக்கொண்டார் எனக்கு விற்றவர். பெட்டி வந்தது, பாடியது. மூடியைத் திறந்தால் சிப் முழுக்க ஒரே சீரான மங்கல் கறுப்பு. சிப்பின் முதல் கால் (பின்) எது என்று காட்டும் சின்னக் குழிக்குள்ளும் அதே பெயின்ட். கால்களில் புது ஈயப் பளபளப்பு. பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தேன். பஞ்சு கறுத்தது, இரண்டு கிரீடமும் போயின, அடியில் உப்புத்தாள் போட்ட கீறல்கள். பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டதால் அது என்ன சிப் என்றே இனித் தெரியாது. 'ஏ' இல்லாத முந்தைய 1541 கூட அதே 28 கால் சாக்கெட்டில் உட்கார்ந்து பாடும். அதனால் காதை மட்டும் நம்பி இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கேட்டதற்கு, "நீங்க திறந்துட்டீங்க, சீல் போயிடுச்சு, திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார். அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அதில் சிப்பின் மேல் இருந்த தேதிக் குறியீடு எனக்கு வந்ததில் இருந்ததே அல்ல. வேறு யாருடைய சிப்போ.

அதே படத்தோடு அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது. வாங்குவதாக இருந்தால், அன்றைய தேதி எழுதிய சீட்டை சிப்புக்குப் பக்கத்தில் வைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.