போர்வெல் தண்ணிக் காட்டுல ஹைட்ரோஜெல்: சில போகம் பார்த்த பிறகு

தண்ணியை உறிஞ்சி உப்பி மண்ணுல ஈரம் காக்கற ஹைட்ரோஜெல் விலை இறங்கியிருக்கு, மஞ்சக்காட்டுக்கு வாங்கட்டுமான்னு தாராபுரத்து மாப்பிள்ளை கேட்டாருங்க. போன்ல சொல்லித் தீராததால எழுதறேன்.

எங்க காடு காங்கேயம் பக்கம், செம்மண். ரொட்டாவேட்டர் ஓட்டி ஓட்டி ஒரு சாணுக்குக் கீழ இறுகிப் போச்சு. வேளாண் பல்கலைக்கழகம் சொல்றபடி உளிக்கலப்பையில அரை மீட்டருக்கு ஒரு சால், அரை மீட்டர் ஆழம், நெடுக்கயும் குறுக்கயும் ஓட்டி, ஏக்கருக்கு 5 டன் எரு போட்டோம். கூடவே 2 கிலோ ஹைட்ரோஜெல்.

என் வயித்தெரிச்சலே இந்த ஜெல்தான். கடைக்காரர் கேன் தண்ணியில ஒரு சிட்டிகை போட்டார், டம்ளரே நிறைஞ்சுது. பாக்கெட்டுல 400 மடங்குன்னு எழுதியிருக்கு. எங்க போர் தண்ணியில அதே சிட்டிகை அடியில லேசா உப்பி, அதோட நின்னு போச்சு. கடினத் தண்ணியில இருக்கற கால்சியமும் மக்னீசியமும் ஜெல்லோட பாலிமர் இழைகளைச் சேர்த்துப் பிணைச்சு விரிய விடாது. கொங்கு நாட்டுல எத்தனை கெணத்துத் தண்ணி இப்படிக் கடினமான சப்பைத் தண்ணி! அதைப் பத்திப் பாக்கெட்டுல ஒரு வரி இல்ல.

மண்ணுக்குப் போடற இன்னொரு பாலிமர், தண்ணியில கரையற பாலிஅக்ரிலமைடு, வேற சரக்கு. அதுக்குக் கால்சியம் துணை. களித்துகளுக்கும் பாலிமருக்கும் நடுவுல பாலமா நிக்கும். ஆனா அதுவும் இருக்கற மண்கட்டியைக் கலையாமக் காக்குமே தவிர, இறுகுன அடிமண்ணை உடைக்காது. ரெண்டையும் பாலிமர்ங்கற ஒரே பேருல விக்கறாங்க.

மண்ணை மாத்துனது எருவும் வேரும்தானுங்க. கலப்பை கீறுன சாலுக்குள்ள வேர் போகலைன்னா சீக்கிரமே திரும்பப் படிஞ்சுரும். பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைச்சு, பூவெடுக்கறப்ப மடக்கி உழுதோம், ஆட்டுப்பட்டி போட்டோம். முன்ன கடப்பாரை டங்குன்னு நின்ன ஆழத்துல இப்ப மண்ணு பொலபொலன்னு வருது. சணப்பு வேர் விட்ட துளை வழியாவே மஞ்சள் வேர் இறங்கியிருந்ததை அறுவடையில பார்த்தப்ப மனசு நிறைஞ்சு போச்சு.

ஜெல்லையும் குறை மட்டும் சொல்லக்கூடாது. ஐப்பசி மழையை மட்டும் குடிச்ச மேட்டுக்காட்டுல நல்லாவே ஈரம் காத்துது. மானாவாரிக்கும் நாத்துக்கும் இந்த விலைக்குத் தாராளமா வாங்கலாம்.

ஆனாலும் நான் திரும்ப வாங்க மாட்டேன். என்ன தண்ணி பாயுதுன்னு ஒரு வார்த்தை கேக்காம வித்த சரக்கு அது. மாப்பிள்ளை வாங்கியே ஆகோணும்னா, அவங்க போர் தண்ணியை ஒரு பாட்டில் கொண்டுபோய் கடையிலயே ஊத்திப் பார்க்கட்டும்.