ஓடுற ஸ்டைல மாத்துற கோர்ஸ்: முட்டிக்கு ஓகே, கெண்டைக்கால் பத்திரம்

முட்டி வலி தான் என்னை அங்க கொண்டு போய் விட்டுச்சு. ஓட ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆகுது, பெரிய ரன்னர்லாம் இல்ல, வாரத்துல மூணு நாள், ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம் நீளமா. ஆனா ஆறாவது கிலோமீட்டர் தாண்டுனா முட்டிச்சில்லுக்கு பின்னாடி ஒரு குடைச்சல் வரும் பாருங்க, மாடிப்படி எறங்கும்போது உயிர் போகும். ரெண்டு ஜோடி ஷூ மாத்தி பாத்தும் ஒண்ணும் நடக்கல, அப்புறம் தான் இந்த கோர்ஸ்ல சேந்தேன். ரெண்டு வாரம், எட்டு செஷன். இடத்தோட பேரு போடல, கேக்காதீங்க.

மொத நாள் ட்ரெட்மில்ல ஓட விட்டு சைடுலயும் பின்னாடியும் ஸ்லோமோஷன்ல வீடியோ எடுத்தாங்க. நான் ஏதோ மான் மாதிரி ஓடுறேன்னு நெனச்சுட்டு இருந்தேன், வீடியோவ பாத்தா அடிக்கு அடி பிரேக் போட்டு போற லாரி. காலை ஒடம்புக்கு ரொம்ப முன்னாடி நீட்டி, முட்டிய கிட்டத்தட்ட நேரா வச்சு, குதிகால்ல தொம்முனு எறங்குறேன். ஓவர்ஸ்ட்ரைடிங்னு சொன்னாங்க. கேடன்ஸ் 158, அதாவது நிமிஷத்துக்கு 158 அடி.

சரி 180 வைக்க சொல்லுவாங்கன்னு பாத்தேன், ரன்னர்ஸ் எல்லாரும் ஜபிக்கிற நம்பர் அது தான. கோச் சிரிச்சுட்டாரு. அது 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்ல ஜாக் டேனியல்ஸ்னு ஒரு கோச் எண்ணி பாத்ததுலருந்து வந்த கணக்கு, ஒலிம்பிக்ஸ்ல பறக்குறவங்களுக்கு உள்ளது, உங்க ஜாகிங்குக்கு எதுக்குங்கனு கேட்டாரு. இப்ப இருக்குறதுலருந்து 5லருந்து 10 சதவீதம் ஏத்துனா போதும், ஸ்பீடு அதே தான், அடி மட்டும் சின்னதாகும், கால் ஒடம்புக்கு கிட்டக்க எறங்கும், முட்டி மேல விழுற சுமை கொறையும். எனக்கு 168 வச்சாரு. இந்த ஒரு விஷயத்துக்கே அவருக்கு முழு மார்க்.

இன்னொன்னும் நல்லா செஞ்சாங்க. மொத நாலு செஷன் முழுக்க அடிக்கு தாளம் தட்டுற மெட்ரோனோம் டிக் டிக், முன்னாடி ஸ்கிரீன்ல நம்ம கால் எவ்ளோ பலமா இடிக்குதுன்னு கோடு ஓடிட்டே இருக்கும், அது மேல போனா சத்தமில்லாம எறங்கணும். அஞ்சாவதுலருந்து ஓடுற நேரத்த கூட்டிட்டே ஸ்கிரீனையும் சத்தத்தையும் கொஞ்ச கொஞ்சமா நிறுத்திட்டாங்க. அப்ப கடுப்பா இருந்துச்சு, காசு கட்டிருக்கேன் ஸ்கிரீன ஆஃப் பண்றீங்களேன்னு. ஆனா கடைசி வரைக்கும் அத பாத்தே ஓடிருந்தா வெளிய ரோட்டுல ஒண்ணும் ஒட்டிருக்காது.

இப்ப பிரச்சனைக்கு வரேன். ஆறாவது செஷன்ல பெரிய கோச் இல்ல, வேற ஒருத்தர் வந்தாரு, வந்ததும் எல்லாருக்கும் ஒரே மருந்து: குதிகால்ல எறங்குறதே தப்பு, இனிமே முன்பாதம் தான். பொழுதுபோக்குக்கு ஓடுறவங்கள்ல பெரும்பாலானவங்க குதிகால்ல தான் எறங்குறாங்க, அத்தன பேருக்குமா அடிபடுது? நானும் மண்டைய ஆட்டிட்டு அந்த ஞாயிறு ஏழு கிலோமீட்டர் முன்பாதத்துலயே ஓடுனேன். மறுநாள் கெண்டைக்கால் கல்லு. பத்து நாள் ஓட்டமே இல்ல. முன்பாதத்துல எறங்குனா சுமை எங்கயும் மாயமா போறதில்ல, முட்டிலருந்து கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கு மேல இருக்குற அகிலிஸ் தசைநாருக்கும் எடம் மாறுது, அவ்ளோ தான். போய் சொன்னா "பழகிடும் சார்"ங்குறாங்க.

செவுத்துல ஒரு போஸ்டர் வேற, காயம் 62 சதவீதம் கொறையும்னு. அந்த நம்பர் பொய் இல்ல, 2018ல வந்த ஆய்வு, புதுசா ஓட வந்த 320 பேரு, இதே மாதிரி எட்டு செஷன், ஒரு வருஷம் கவனிச்சாங்க. ஆனா பயிற்சி எடுத்தவங்களுக்கு கெண்டைக்கால், அகிலிஸ் அடி தான் அதிகம் வந்துச்சுன்னு அதே ஆய்வுல இருக்கு, அத போஸ்டர்ல காணோம். அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வு என்னை மாதிரி முட்டிவலிக்காரங்க மேல பண்ணது, வலிக்கு ஏத்த மாதிரி தூரத்தையும் வேகத்தையும் கொறைச்சு கூட்ட மட்டும் சொல்லிக்குடுத்த குரூப்பும், அதோட ஸ்டைல மாத்துன குரூப்பும் ஒரே அளவு தான் தேறுனாங்க. இத நான் காசு கட்டுனதுக்கு அப்புறம் படிச்சேன், வயிறு எரியுது.

அப்போ போலாமா? முட்டில தொல்லை இருந்து, தூரத்த கொறைச்சும் சரி வரலைனா போங்க, கேடன்ஸ் மட்டும் மாத்திக்கிட்டு வாங்க. வலியே இல்லாம நல்லா ஓடிட்டு இருக்குறவங்க வேகம் கூடும்னு நெனச்சு போகாதீங்க, ஆரம்பத்துல மூச்சு தான் கூட வாங்கும். என் ரேட்டிங் அஞ்சுக்கு மூணு, அந்த ஆறாவது செஷன் இல்லேன்னா நாலு.

நாலு மாசம் ஆச்சு. முட்டி குடைச்சல் எப்பயாவது தான் எட்டி பாக்குது. போன வாரம் மெட்ரோனோம் இல்லாம ஒன்பது கிலோமீட்டர் ஓடிட்டு வாட்ச்ச பாத்தேன், கேடன்ஸ் 166.