தோட்டத்துச் சாளைக்கு எந்த நாய்: லேப்ரடாரா, ராஜபாளையமா?

காங்கேயம், தாராபுரம் பக்கம் ஊரைவிட்டுத் தள்ளித் தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்கள் பெரிய நாய் ஒன்றைத் தேடும்போது, பேச்சு பெரும்பாலும் லேப்ரடாரிலோ ராஜபாளையத்திலோ வந்து நிற்கிறது. இரண்டும் வேட்டைக்காக உருவான இனங்கள்தாம். ஆனால் வேட்டையில் அவை செய்த வேலை வேறு என்பதை வாங்குபவர் பலர் கவனிப்பதில்லை.

லேப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களுக்கு உதவியவை. பிரிட்டனில் அவற்றின் வழி வந்தவை, சுட்டு வீழ்த்தப்பட்ட பறவையைச் சிதைக்காமல் கவ்விக்கொண்டு வரப் பழக்கப்பட்டு, 1903இல் தனி இனமாக ஏற்கப்பட்டன. எனவே மனிதரின் சொல்லுக்குக் காத்திருப்பது அதன் இயல்பு. விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமோ இரையைக் கண்ணால் கண்டு, துரத்திப் பிடிக்கும் நாய்; ஓடத் தொடங்கிவிட்டால் எசமானரின் குரல் அதன் காதில் ஏறுவது அரிது.

காவல் என்று வரும்போது இந்த வேறுபாடு பளிச்செனத் தெரியும். தேங்காய் போட வருபவர், பால் எடுக்க வருபவர், களையெடுக்க வரும் பெண்கள் என்று நாள் முழுவதும் ஆள் புழங்கும் தோட்டத்தில் ராஜபாளையத்தை அவிழ்த்துவிட முடியாது. வீட்டாரில் ஓரிருவரிடம் மட்டும் ஒட்டிக்கொண்டு, புதியவர்களை அது எளிதில் ஏற்பதில்லை. லேப்ரடார் குரைத்து ஆளைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் வந்தவர் ஒரு பிஸ்கட்டை நீட்டினால் வாலாட்டவும் கூடும். உருவத்தை மட்டும் நம்பி அதனைக் காவலுக்கு வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து.

ஆட்டுப்பட்டி உள்ளவர்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் குதறுவதால் காவலுக்கு நாய் தேடுகிறோம். குட்டியிலிருந்தே ஆடுகளோடு பழகாத ராஜபாளையம், ஓடும் மேச்சேரி ஆட்டுக் குட்டியையே இரையாகக் கருதித் துரத்தக்கூடும். முயலைத் துரத்த விடுவதும் கூடாது. வனவிலங்குகளை வேட்டையாடுவதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கிளுவை வேலி ஆட்டை நிறுத்துமே தவிர, 65 முதல் 75 செ.மீ. உயரம் கொண்ட இந்த நாயை நிறுத்தாது; உயரமான கம்பிவேலி தேவை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால், அதனை முதலில் அடைக்க வேண்டும்.

வெயிலைப் பொறுத்தவரை ராஜபாளையத்திற்கே சாதகம். ஒட்டிய உடலும் குட்டையான ஒற்றை அடுக்கு முடியும் ஈரோடு, கரூர் சித்திரை வெயிலுக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். லேப்ரடாரின் இரட்டை அடுக்கு முடி குளிர்ந்த நீருக்கானது; அதைப் பகலில் தகரக் கொட்டகையில் கட்டுவது கொடுமை. விடியற்காலையும் பொழுது சாய்ந்த பின்னும் சேர்த்து ஒரு மணி நேரமாவது ஓடவிட வேண்டும். நீந்துவது அதற்குப் பெருவிருப்பம் என்றாலும், கான்கிரீட் பூசிய வாய்க்காலில் இறக்கிவிடாதீர்கள்; சரிவான கரையில் ஏற முடியாமல் தவிக்கும். சங்கிலியிலேயே கிடக்கும் லேப்ரடார் சொட்டுநீர்க் குழாயைக் கடித்துத் தள்ளினால் குற்றம் நாயுடையதன்று.

தீனியில் லேப்ரடாருக்குக் கட்டுப்பாடு மிகவும் தேவை. பிரிட்டனில் ஆராயப்பட்ட லேப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றிடம், பசி அடங்காமைக்கும் பருமனுக்கும் தொடர்புடைய மரபணுக் குறை இருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். நன்கு வளர்ந்த ஆண் நாய் 29 முதல் 36 கிலோ வரை இருக்கலாம். அதற்குமேல் ஏறும் எடை, ஏற்கெனவே இடுப்பு மூட்டுக் கோளாறுக்கு ஆளாகும் இந்த இனத்தை நொண்ட வைக்கும். இரண்டு இனங்களுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று: சின்ன வெங்காயம் போட்ட குழம்பு மீதியைச் சோற்றில் பிசைந்து வைக்கும் நம் வீட்டு வழக்கத்தைக் கைவிட வேண்டும். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

உண்ணித் தொல்லை இரண்டுக்கும் ஒன்றே. உண்ணி சுவர் இடுக்குகளிலும் தங்குவதால், நாய்க்கு மட்டும் மருந்திட்டுப் பயனில்லை. படுக்குமிடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வெறிநாய்த் தடுப்பூசியை மூன்று மாதக் குட்டிக்குத் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். ராஜபாளையத்திற்கு அறுவைச் சிகிச்சை என்றால், இது கொழுப்புக் குறைந்த வேட்டை இனம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில மயக்க மருந்துகளின் தாக்கம் இவற்றில் நெடுநேரம் நீடிக்கும்.

ஆள் நடமாட்டமும் சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டிற்கு லேப்ரடாரையும், இரண்டு பேர் மட்டும் இருக்கும், வேலி உறுதியான சாளைக்கு ராஜபாளையத்தையும் நான் சொல்வேன். லேப்ரடார் குட்டி வாங்கும்போது தாய், தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்டுப் பாருங்கள். ராஜபாளையத்தின் வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவதுண்டு என்பதால், குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பார்த்து, அது திரும்பினால் மட்டும் விலை பேசுங்கள்.