ரீமாஸ்டர் என்று சொல்லிப் பழைய ஆப்லிவியனைத் தலையில் கட்டிவிட்டார்கள்: கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்கள் கவனம்

18,500 ரூபாய். கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் சர்வீஸும் கேமிங் பிசி அசெம்பிளியும் செய்கிற ஒரு கடையில் இதைக் கொடுத்துவிட்டு, 2006இல் வந்த ஆப்லிவியன் என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தை 2025இல் வந்தது என்று நம்பி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். இதே வேலையை இன்னும் எத்தனை பிள்ளைகளிடம் காட்டிக்கொண்டிருக்கிறார்களோ.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் நான்காவது ஆட்டம் ஆப்லிவியன். பெத்தெஸ்டா நிறுவனம் 2006 மார்ச்சில் வெளியிட்டது. சேலத்தில் கல்லூரி விடுதியில் இருந்தபோது ஒரே கம்ப்யூட்டரில் நாங்கள் நாலைந்து பேர் முறை வைத்து விடிய விடிய ஆடிய ஆட்டம் அது. 512 எம்பி ராம், 128 எம்பி கிராபிக்ஸ் கார்டு இருந்தாலே ஓடிவிடும். ஹார்டு டிஸ்கில் ஐந்து ஜிபிகூடக் கேட்காது. 2025 ஏப்ரல் 22 அன்று அதன் ரீமாஸ்டரை, அதாவது பழைய ஆட்டத்தைப் புதுப் படத்தோடு மெருகேற்றிய பதிப்பை, அறிவித்து, அன்றைக்கே விற்பனைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். விர்ச்சுவோஸ் என்ற நிறுவனம் பெத்தெஸ்டாவுடன் சேர்ந்து செய்தது. இதற்கு 120 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும், எஸ்எஸ்டி என்கிற வேகமான சேமிப்பு டிஸ்க் வேண்டும், 16 ஜிபி ராம் வேண்டும், கிராபிக்ஸ் கார்டு குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 1070 டிஐ அளவுக்காவது இருக்க வேண்டும். என் கம்ப்யூட்டரில் ராம் இருந்தது. கார்டும் எஸ்எஸ்டியும் இல்லை.

நான் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். மாம்பழக்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு வேலை. சீசன் முடிந்து கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் சிபியுவைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். "ஆப்லிவியனா தம்பி? மார்ட்டினுக்குக் குரல் கொடுத்தது யாருன்னு தெரியுமா?" என்று என்னைத்தான் முதலில் கேட்டார். மார்ட்டின் கதையில் வருகிற முக்கியமான ஆள். "ஷான் பீன்" என்றேன். "ராஜாவுக்கு?" "பேட்ரிக் ஸ்டூவர்ட்." அவ்வளவுதான், டீ சொல்லிவிட்டார். தானும் இதை ராத்திரி பகலாக ஆடியவன் என்றார். க்வாட்ச் ஊரில் அந்த நெருப்புக் கதவுக்குள் முதல்முறை போனதைக் கை ஆட்டிச் சொன்னார். இந்தப் பக்கத்தில் இந்த ஆட்டத்தைப் பற்றி நேரில் பேச எனக்கு ஆளே கிடைத்ததில்லை. அந்த இடத்தில்தான் நான் அவரை முழுசாக நம்பினேன்.

கணக்குப் போட்டார். பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் 1070 டிஐ கார்டு 12,000. எஸ்எஸ்டி 3,000. ஆட்டம் 3,500. மொத்தம் 18,500. "ஆட்டம் இப்போதைக்கு கடை ஐடியில ஓடும், ஒரு வாரத்துல உங்க ஸ்டீம் கணக்குக்கே மாத்தி விட்டுடறேன்" என்றார். ஸ்டீம் என்பது இணையத்தில் கம்ப்யூட்டர் ஆட்டங்களை விற்கிற கடை. மாலை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மாலையில் என் கண்ணெதிரே ஓட்டியும் காட்டினார். திரையில் ரீமாஸ்டர் படம், ஜெரமி சோல் இசை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "ஆரம்பத்துல ஜெயில், சாக்கடை எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதானே, தாண்டி ஒரு சேவ் போட்டு வச்சிருக்கேன்" என்று சொல்லி நேராக வெளியுலகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். புல் அடர்த்தியாக இருந்தது, தண்ணீர் பளபளத்தது. பணத்தைக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் தாளில் "கார்டு + எஸ்எஸ்டி + கேம் 18,500" என்று எழுதி, சீல் வைக்காமல் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பாதியில் சேமித்து வைத்திருந்த அந்த சேவ் ஃபைலை விட்டுவிட்டு, புதிதாக முதலிலிருந்து தொடங்கினேன். ரீமாஸ்டரில் இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நம் ஆள் எந்த ஊர்ப்பக்கம் பிறந்தவன் என்றும் கேட்கும். அதைப் பொறுத்துச் சின்னச் சின்ன பலன் மாறும். இங்கே கேட்கவில்லை. சரி, அடுத்துக் கேட்குமோ என்று போனேன். நிலவறையில் எலி துரத்தும்போது வேகமாக ஓடுகிற பொத்தானைத் தேடினேன். இல்லை. பழையதில் ஓட்டம் என்றால் ஒரே வேகம்தான். தம் பிடித்துப் பாய்ந்து ஓடுவது ரீமாஸ்டரில்தான் புதிதாக வந்தது.

அப்போதும் மனசு ஒப்பவில்லை. ஆடிக்கொண்டே போய், ஆட்டத்துக்குள் ஒரு சத்திரத்தில் படுத்து எழுந்து முதல் நிலை ஏறினேன். திரையில் வலிமைக்குக் கூட்டல் 3, உடல்திறனுக்குக் கூட்டல் 2 என்று வந்து நின்றது. பழைய ஆட்டத்தை ஆடியவர்களுக்கு இது மறக்கவே மறக்காது. எந்தத் திறமையை எத்தனை முறை பயன்படுத்தினோம் என்று கணக்குப் பார்த்துக் கூட்டல் 5 வாங்காவிட்டால் எதிரிகள் நம்மைவிட வேகமாக வளர்ந்து நம்மைத் துவைத்து எடுப்பார்கள். விடுதியில் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதி ஆடியிருக்கிறோம். ரீமாஸ்டரில் இந்தத் தொல்லையை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு நிலைக்கும் 12 புள்ளி கொடுத்துவிடுவார்கள், வேண்டிய இடத்தில் போட்டுக்கொள்ளலாம். அதிர்ஷ்டத்தை ஏற்ற மட்டும் புள்ளி அதிகம் போகும்.

ஆட்டத்தை மூடிவிட்டு ஃபோல்டரின் அளவைப் பார்த்தேன். 14 ஜிபி. 120 ஜிபிக்கு மேல் இருக்க வேண்டியது. பழைய ஆட்டத்தின் மேல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற டெக்ஸ்சர் மாட்களை (படத்தை மெருகேற்ற ரசிகர்கள் செய்கிற சேர்க்கைகளை) ஏற்றி, முகப்புப் படத்தை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் என்னென்ன பாகம் இருக்கிறது என்று காட்டுகிற டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். கார்டின் பெயர் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. எனக்குச் சொன்னது 1070 டிஐ. அது 8 ஜிபி, இது 4 ஜிபி. கார்டின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் மட்டும் 1070 என்று இருந்தது. நகத்தால் சுரண்டினால் ஓரம் தூக்கிக்கொண்டு வருகிறது, அடியில் இன்னொரு ஸ்டிக்கரின் பசை. அந்தக் கார்டில் உண்மையான ரீமாஸ்டர் ஒழுங்காக ஓடாது என்று அவருக்குத் தெரியும். பழையது சுகமாக ஓடும். அதனால்தான் பழையதைப் போட்டிருக்கிறார்.

இனி வந்த பதில்களைக் கேளுங்கள். முதலில் "டிரைவர் அப்டேட் ஆகல தம்பி, அதான் பேரு தப்பா காட்டுது." அப்புறம் வாட்ஸாப்பில் அனுப்பிய படங்களுக்கு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் கடைப்பையன், "ஓனர் பெங்களூர் போயிருக்காருண்ணா." ஒருநாள் ஆள் சிக்கினார். அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை: "ரீமாஸ்டர்னா உள்ள பழைய ஆட்டம்தான் தம்பி. மேல மட்டும்தான் புது பெயின்ட். நெட்ல போய்ப் படிச்சுப் பாருங்க."

இதில் பாதி உண்மை. அதனால்தான் ஆத்திரம். ரீமாஸ்டரில் ஆட்டத்தின் விதிகளும் கதையும் ஆட்களின் நடமாட்டமும் பழைய கேம்பிரியோ எஞ்சினில்தான் (எஞ்சின் என்றால் ஆட்டத்தை இயக்குகிற அடிப்படை மென்பொருள்) ஓடுகின்றன. கண்ணுக்குத் தெரிகிற படத்தை அன்ரியல் எஞ்சின் 5 வரைகிறது. இந்த உண்மையைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதையே கேடயமாகப் பிடித்து என் 18,500 ரூபாயை விழுங்கப் பார்க்கிறார். தெரியாதவன் இதைக் கேட்டால் "சரிங்கண்ணா" என்று திரும்பி வந்துவிடுவான்.

நான் ஓசூருக்குப் போனேன். அங்கே தொழிற்சாலையில் வேலை பார்க்கிற விடுதி நண்பன் எக்ஸ்பாக்ஸில் உண்மையான ரீமாஸ்டரை வைத்திருக்கிறான். "முதல்லயே என்கிட்ட கேட்டிருக்கலாமே மச்சான்" என்று திட்டிக்கொண்டே போட்டுக் காட்டினான். சாக்கடையிலிருந்து வெளியே வந்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் வில்வெரின் இடிபாடு தெரியும், அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அந்த வெள்ளைக் கல் தூண்களில் வெயில் விழுகிற விதமே வேறு. நிழல் தண்ணீருக்குள் நெளிகிறது. தூரத்து மலை ஒட்டிவைத்த துணிமாதிரி இல்லை. மாட் போட்டுப் புல்லை அடர்த்தியாக்கலாம், இந்த ஒளியைக் கொண்டுவர முடியாது.

முகங்களில் வித்தியாசம் இன்னும் அதிகம். பழையதில் எல்லாருக்கும் பூரிமாதிரி உப்பிய முகம். இதில் சுருக்கமும் தோலும் கண்ணும் மனுஷத்தனமாக இருக்கின்றன, ஆனால் அதே ஆள் என்று உடனே தெரிகிறது. குரலும் அப்படித்தான். பழையதில் சில இனங்களுக்கு ஒரே குரல்தான் மாறி மாறி வரும். ரீமாஸ்டருக்காகப் புதிதாகக் குரல் பதிவு செய்து இனத்துக்கு இனம் வேறுபடுத்தியிருக்கிறார்கள். வாளால் வெட்டினால் எதிராளி அதிர்ந்து பின்வாங்குகிறான். பழையதில் காற்றை வெட்டுவதுபோல இருக்கும்.

எல்லாம் பழசைவிட மேல் என்று சொல்ல மாட்டேன். கதை நடக்கிற சிரோடீல் நாட்டின் அந்தப் பழைய பச்சை, கொஞ்சம் கனவுமாதிரி மினுங்குகிற பச்சை, ரீமாஸ்டரில் பழுப்பாக மங்கிவிட்டது. எனக்கு அது பெரிய நஷ்டம். திறந்தவெளியில் குதிரையில் போகும்போது படம் திக்கித் திக்கி நிற்கிற குறை நல்ல கம்ப்யூட்டர்களிலும் இருப்பதாகப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். கதவைத் திறந்தால் லோடிங் திரை இன்னும் வருகிறது. எதிரிகள் நம்மோடு சேர்ந்து வளர்கிற பழைய பழக்கமும் போகவில்லை. பழைய ஆட்டம் இன்றைக்கும் ஸ்டீமில் தனியாகக் கிடைக்கிறது. அதை விரும்பி வாங்கி ஆடுவதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் நான் 18,500 ரூபாய் கொடுத்தது அதற்கு இல்லை.

ஓசூரில் எடுத்த வீடியோவையும் என் திரையில் எடுத்த வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடைக்காரரிடம் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். "அது எக்ஸ்பாக்ஸ், இது பிசி. ரெண்டும் ஒண்ணாவா இருக்கும்?" என்றார். பணத்தைக் கேட்டதற்கு, கார்டை வேண்டுமானால் 4,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன், வித்த ஆட்டத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். நான் குரலை உயர்த்தியதும், "பில் இருக்கா? எங்க வேணா போய்ச் சொல்லுங்க" என்று அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். அந்தப் பையன் கையிலும் ஒரு சிபியு இருந்தது. அவனைக் கூப்பிட்டுச் சொல்லப் போனேன், கடைப்பையன் என்னைத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினான்.

எப்படியெல்லாம் ஏமாறாமல் வாங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதுகிற பொறுமை இப்போது இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஆட்டத்தை உங்கள் சொந்தக் கணக்கில் நீங்களே வாங்குங்கள். ஸ்டீமில் வாங்கி இரண்டு வாரத்துக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். "கடை ஐடியில் ஓடும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கார்டு வாங்கினால் ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், கடையிலேயே டிவைஸ் மேனேஜரைத் திறக்கச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்டினால் புது ஆட்டமாகத் தொடங்கச் சொல்லுங்கள், அவர்கள் வைத்த சேவ் வேண்டாம். ஃபோல்டர் அளவைப் பாருங்கள். சீல் வைத்த பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசிப் புகாரைப் பதிந்துவிட்டேன். எஸ்டிமேட் தாள், யுபிஐ ரசீது, வாட்ஸாப் பேச்சு, இரண்டு வீடியோ எல்லாம் கைவசம் இருக்கின்றன. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. கிருஷ்ணகிரி, தருமபுரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் யாராவது இதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய கார்டோடும் 14 ஜிபி "ரீமாஸ்டரோடும்" மாட்டியிருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், உங்கள் தாளையும் படம் எடுத்து அனுப்புங்கள். ஆணையத்துக்குப் போகும்போது சேர்ந்தே போவோம்.