கன்வல்யூஷன் ரிவெர்பா, அல்காரிதமிக் ரிவெர்பா: தமிழ்ப் பாட்டு மிக்ஸுக்கு எது?

சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறையில் மிக்ஸ் செய்கிறவருக்கு விசாலமான இடம் கணினிக்குள் மட்டும்தான் கிடைக்கும். நான்கு பக்கமும் கான்கிரீட், தரையில் டைல்ஸ், ஏறத்தாழ 2.6 மீட்டரில் கூரை. இரவு 10.30க்கு மேல் ஸ்பீக்கரைத் தொட முடியாது, ஹெட்ஃபோன்தான். இந்த அறையில், அலமாரித் துணிகளுக்கு முன்னால் நின்று பாடிய குரலை ஒரு மண்டபத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தி, கேட்பவரையும் அதே மண்டபத்தில் உட்கார வைக்க வேண்டும். அதுவும் இடம், வலம் என்ற இரண்டே சேனலில்.

அதற்கு உதவுவது ரிவெர்ப், அதாவது ஓர் இடத்தின் எதிரொலியைச் செயற்கையாகச் சேர்க்கும் கருவி. போட்டியில் நிற்பவை இரண்டு. ஒன்று கன்வல்யூஷன் ரிவெர்ப்: உண்மையான இடத்தில் எடுத்த ஒலிப்பதிவை, அதாவது ஐ.ஆர். எனப்படும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை, உங்கள் டிராக்மேல் ஏற்றுவது. மற்றது அல்காரிதமிக் ரிவெர்ப்: டிலேக்களை, அதாவது தாமதித்த பிரதிகளைப் பின்னிப் பின்னி இல்லாத ஓர் அறையைக் கணக்கால் கட்டுவது. 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் மான்ஃபிரெட் ஷ்ரோடர் போட்ட வழி இது. என் தேர்வு அல்காரிதமிக். கன்வல்யூஷனைத் தூக்கி எறியவில்லை, அதற்கென்று சில வேலைகள் உண்டு. ஆனால் பாட்டின் முதுகெலும்பாக நிற்கும் ரிவெர்ப் எது என்றால், அல்காரிதமிக்தான்.

விலை, கணினியின் சுமை இரண்டையும் இன்று பெரிதாகப் பேச வேண்டியதில்லை. டிராகன்ஃப்ளை ஹால் இலவசம், ஓரில்ரிவர் இலவசம். கன்வல்யூஷன் பக்கம் ஒலிப்பதிவு மென்பொருள்களான ரீப்பரோடு ரியாவெர்பும் லாஜிக்கோடு ஸ்பேஸ் டிசைனரும் கூடவே வருகின்றன. 1999ல் சோனியின் முதல் நிகழ்நேரக் கன்வல்யூஷன் கருவி வந்தபோது அது தனிப் பெட்டி. இப்போது சாதாரண மடிக்கணினியே பத்தைத் தாங்கும். பாடும்போதே பாடகரின் ஹெட்ஃபோனில் ரிவெர்ப் கொடுப்பதென்றால் மட்டும் அல்காரிதமிக் பாதுகாப்பு. சில கன்வல்யூஷன் ப்ளக்-இன்கள் தாமதம் சேர்க்கும், பாடகர் தாளத்தில் தடுமாறுவார்.

எர்லியும் டெயிலும் தனித்தனியே அசைய வேண்டும்

என் முடிவைத் தீர்மானித்தது இதுதான். ஓர் அறையின் ஒலியைக் காது ஒரே பொருளாக எடுத்துக்கொள்வதில்லை. நேரொலி வந்த பிறகு முதல் 80 மில்லி வினாடிக்குள் பக்கச் சுவர்களிலிருந்து வரும் பிரதிபலிப்புகள், அதாவது எர்லி, தனி எதிரொலியாகக் கேட்காது. நேரொலியோடு ஒட்டிக்கொண்டு அதை அகலமாக்கும். பக்கவாட்டுப் பிரதிபலிப்பின் இந்த வேலையை மைக்கேல் பேரன் 1971ல் விரிவாக எழுதினார். 80 மில்லி வினாடிக்குப் பின் பல திசையிலிருந்தும் வந்து சேர்ந்து மெல்லத் தேயும் எதிரொலி, அதாவது டெயில்தான் நம்மைச் சூழ்ந்துகொள்ளும் உணர்வைத் தருகிறது. பிராட்லியும் சூலோடரும் 1995ல் இந்த இரண்டு உணர்வையும் பிரித்துக் காட்டினார்கள். ஆக, எர்லி பாடகரைப் பற்றிச் சொல்கிறது: எவ்வளவு தூரம், எவ்வளவு அகலம். டெயில் கேட்பவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பற்றிச் சொல்கிறது.

இப்போது ஒரு சராசரி வேண்டுகோளை எடுத்துக்கொள்ளுங்கள். “குரல் கொஞ்சம் முன்னால வரணும், ஆனா மண்டபம் அப்படியே இருக்கணும்.” கன்வல்யூஷனில் கையில் முதலில் சிக்குவது ரிவெர்ப் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வெட் ஃபேடர் ஒன்றுதான். அதை இறக்கினால் குரல் முன்னால் வரும், மண்டபமும் கூடவே காணாமல் போகும். ஏற்றினால் மண்டபம் வரும், பாடகர் கடைசி வரிசைக்குப் போய்விடுவார். அல்காரிதமிக்கில் எர்லியை 6 டெசிபல் இறக்கி, நேரொலிக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் இடையிலான ப்ரீடிலேயை 40 மில்லி வினாடிக்கு ஏற்றி, டெயிலைத் தொடாமல் விட்டால் வேலை முடிந்தது.

ப்ரீடிலே ஏன் குரலை முன்னால் கொண்டுவருகிறது என்பதைக் கணக்கு போட்டே பார்க்கலாம். 20 மீட்டர் அகல மண்டபம், நடுக்கோட்டில் பாடகரும் நீங்களும். பாடகர் 2 மீட்டரில் நின்றால் பக்கச் சுவரில் பட்டு வரும் ஒலி சுமார் 20.1 மீட்டர் பயணிக்கும். நேரொலியைவிட 18.1 மீட்டர் அதிகம், அதாவது சுமார் 52 மில்லி வினாடி தாமதம். அதே பாடகர் 12 மீட்டர் தள்ளி நின்றால் அந்த இடைவெளி சுமார் 33 ஆகக் குறைந்துவிடும். அருகில் இருப்பவருக்கு இடைவெளி பெரிது, தூரத்தில் இருப்பவருக்குச் சிறிது. எனவே முன்குரலுக்கு ப்ரீடிலே அதிகம், பின்னணிக் குழுவுக்குக் குறைவு. எல்லா டிராக்கையும் ஒரே ரிவெர்புக்கு ஒரே ப்ரீடிலேயோடு அனுப்பினால் சென்ட் அளவை (ரிவெர்புக்கு அனுப்பும் ஒலியின் அளவை) எப்படி மாற்றினாலும் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பதுபோல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கன்வல்யூஷனிலும் இதைச் செய்ய முடியாதா? முடியும். ஒரே ஐ.ஆரை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை 80 மில்லி வினாடியில் வெட்டி, மற்றதை அங்கிருந்து தொடங்க வைத்து, வெட்டில் சிறு ஃபேடு போட்டு இரண்டு பஸ்ஸில் (பல டிராக்குகள் வந்து சேரும் பொதுப் பாதை) ஓட்டலாம். வேறு ஐ.ஆர். பிடித்துப்போனால் மறுபடி முதலிலிருந்து. டெயில் நீளத்தையும் விரும்பியபடி மாற்ற முடியாது. குறைப்பது சுலபம், கூட்டினால் பதிவின் அடியில் இருக்கும் இரைச்சலும் எழும்பி வரும்.

எஸ்பிளனேட் கச்சேரி அரங்கை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2002ல் திறந்த அந்த அரங்கின் ஒலியமைப்பு ரஸ்ஸல் ஜான்சனின் ஆர்டெக் நிறுவனத்துடையது. மேடைக்குமேல் ஏற்றி இறக்கக்கூடிய விதானம் முதல் பிரதிபலிப்புகளைக் கவனிக்கிறது. சுற்றியுள்ள எதிரொலி அறைகளின் கதவைத் திறந்து மூடி டெயிலைக் கூட்டிக் குறைக்கிறார்கள். கான்கிரீட்டில் கட்டிய அரங்குக்கே இரண்டு தனித்தனிக் கட்டுப்பாடு தேவைப்பட்டிருக்கிறது.

நடைமுறையில் அமைப்பு

இரண்டு பஸ். முதலாவது எர்லி பஸ்: ரூம் வகை, டிகே (ஒலி தேயும் நேரம்) 0.4 முதல் 0.6 வினாடி, அகலம் 70 விழுக்காடு. குரல், வீணை, கிட்டார், மிருதங்கம் எல்லாம் இங்கே கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். ஒரே கூரையின்கீழ் இருக்கும் உணர்வை இது தரும். இரண்டாவது டெயில் பஸ்: ஹால் வகை, எர்லி முழுக்கக் கீழே, டிகே 1.8 முதல் 2.4 வினாடி. ப்ரீடிலேயைத் தாளத்தோடு கட்டுங்கள். 90 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 90 அடியில், ஓர் அடி 667 மில்லி வினாடி, அதன் பதினாறில் ஒன்று சுமார் 42. நல்ல தொடக்கம்.

டெயில் பஸ்ஸில் ரிவெர்புக்கு முன்னால், அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ போட்டு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுங்கள். ஏபி ரோட் ஸ்டுடியோ வழக்கமாகச் சொல்லப்படுவது 600 ஹெர்ட்ஸும் 10 கிலோஹெர்ட்ஸும். நம் மெல்லிசைக் குரலுக்கு 600 சற்று மெலிந்துவிடும் என்பது என் கருத்து. கீழே வெட்டாவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி அடி டெயிலில் உருண்டு கொழகொழவென்று ஆகும். மேலே வெட்டாவிட்டால் ஒவ்வொரு ‘ஸ’வும் தண்ணீர் தெறிப்பதுபோல் சிதறும்.

அடுத்தது தமிழ்ப் பாட்டுக்கே உரிய சிக்கல். ‘பட்டு’, ‘பக்கம்’, ‘காற்று’ போன்ற சொற்களில் இரட்டித்த வல்லினத்தில் குரல் ஒரு கணம் முழுதாக நின்றுவிடுகிறது. அந்தச் சின்ன மௌனத்தில் டெயில் எட்டிப் பார்த்தால் ‘பட்டு’ ‘படு’வாகக் கேட்கும், வரி கலங்கும். டெயில் பஸ்மேல் குரலிலிருந்து சைட்செயின் எடுத்த (குரல் ஒலிக்கும்போது டெயிலை அமுக்கும்) கம்ப்ரஸர் போட்டு 3, 4 டெசிபல் மட்டும் அமுக்குவது வழக்கம்தான். கவனிக்க வேண்டியது ரிலீஸ், அதாவது அமுக்கியதை விடும் நேரம். 50 மில்லி வினாடி என்று வேகமாக வைத்தால் ‘ட்’டின் மௌனத்துக்குள்ளேயே கம்ப்ரஸர் கையை எடுத்துவிடும், டெயில் அங்கேயே பொங்கும். அதாவது இருந்ததைவிட மோசம். 300ஐ ஒட்டி வைத்தால் சொல்லுக்குள் அமுங்கியே இருந்து, வரி முடிந்து நெடில் ஓயும் இடத்தில்தான் மண்டபம் மலரும். இந்தச் சைட்செயினை எர்லி பஸ்ஸில் போடாதீர்கள், பாடகர் முன்னும் பின்னும் நடப்பதுபோல் ஆகும்.

கன்வல்யூஷன் வெல்லும் இடங்கள்

தம்புரா, நாதஸ்வரம், வயலினின் நீண்ட ஸ்வரம். அல்காரிதமிக் ரிவெர்ப் உலோகச் சத்தம் போடாமலிருக்க டெயிலை மெல்ல அசைத்துக்கொண்டே இருக்கும். டிராகன்ஃப்ளையில் ஸ்பின், வாண்டர், மாடுலேஷன் என்று இருப்பவை அதற்குத்தான். பாப் குரலில் அது இனிமை. சுருதி அசையாமல் நிற்க வேண்டிய தம்புராவில் டெயில் மட்டும் லேசாகச் சுருதி விலகித் தள்ளாடும், பயிற்சி பெற்ற காது உடனே முகம் சுளிக்கும். ஐ.ஆர். அசையாது, அதனால் சுருதி சுத்தம். மாடுலேஷனைப் பூச்சியத்தை ஒட்டி இறக்கலாம், ஆனால் அப்போது மிருதங்கச் சாப்பு அதே ரிவெர்பில் ‘கிணிங்’ என்று ஒலிக்கத் தொடங்கினால், எதிரொலிகளைச் சிதறடித்து அடர்த்தியாக்கும் டிஃப்யூஷனை ஏற்ற வேண்டியிருக்கும். இந்த இழுபறி வேண்டாமென்றால் தம்புராவுக்கு மட்டும் ஒரு கன்வல்யூஷன் வைத்துவிடலாம்.

குறிப்பிட்ட ஓர் இடம் வேண்டுமென்றாலும் அதுதான் வழி. நாடகத்துக்கு வசனம் மறுபதிவு செய்யும்போது புளோக் படிக்கட்டின் ஒலியைக் குமிழ் திருகிக் கண்டுபிடிக்க முடியாது, அங்கேயே போய் எடுக்க வேண்டும். ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டரில், 40 முதல் 50 சென்டிமீட்டர் இடைவெளியில் எல்லாத் திசையிலும் கேட்கும் இரண்டு ஆம்னி மைக். அடியொலியிலிருந்து உச்சம்வரை வழுக்கி ஏறும் 15 வினாடி சைன் ஸ்வீப், பிறகு குறைந்தது 5 வினாடி மௌனம். பலூன் உடைப்பதைவிட ஸ்வீப் மேல், அடியொலி சீராக வரும், ஸ்வீப்பின் நீளத்தை இரட்டித்தால் இரைச்சல் 3 டெசிபல் பின்வாங்கும். பகல் வேளையில், லிஃப்ட்டும் ஏர்கான் கம்ப்ரஸரும் ஓய்ந்த நேரம் பாருங்கள். குயில் கூவினால் மறுபடி எடுங்கள். கிடைத்த ஐ.ஆரின் தலையில் இருக்கும் நேரொலியைக் கட்டாயம் வெட்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் அது உங்கள் டிராக்கின் நேரொலியோடு மோதி, குரல் குழாய்க்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

ஹாஸ் டிலேயும் மோனோவும்

குரலின் பிரதியை வலப்பக்கம் 15 மில்லி வினாடி தாமதித்து அகலம் காட்டும் தந்திரம் மூன்றாவது போட்டியாளர். ரிவெர்பே இல்லாமல் பரந்து கேட்கும், ஹெட்ஃபோனில் மயக்கும். ஆனால் ஹெல்முட் ஹாஸ் 1949ல் காட்டியபடி, பின்னால் வரும் பிரதி 10 டெசிபல்வரை உரக்க இருந்தாலும் காது முதலில் வந்த பக்கத்தையே திசையாக எடுத்துக்கொள்ளும். குரல் இடப்பக்கம் சாய்ந்துவிடும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை மோனோ. தேக்காவில் பூக்கடை மேசைமேல் இருக்கும் ஒற்றை புளூடூத் ஸ்பீக்கர், கோயில் பந்தல், சமூக மன்ற விழா: தமிழ்ப் பாட்டு இங்கே ஒலிக்கும் பல இடங்களில் இடமும் வலமும் ஒன்றாகக் கலந்தே வெளிவரும். 15 மில்லி வினாடிப் பிரதி அங்கே 33, 100, 167 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் தோண்டும். ஆண் குரலின் சதை அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. முதன்மைக் குரலுக்கு இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

ரிவெர்ப் அப்படி உடையாது, ஆனால் சுருங்கும். நடுவில் இருக்கும் குரல் இரண்டு சேனலிலும் ஒன்றே, கூட்டும்போது 6 டெசிபல் ஏறும். நல்ல ஸ்டீரியோ டெயிலின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றது, 3 மட்டுமே ஏறும். ஆக மோனோவில் பாட்டு 3 டெசிபல் வறண்டு கேட்கும். எர்லி பஸ்ஸின் அகலத்தை 70ல் நிறுத்தச் சொன்னது இதற்காகத்தான், நடுவில் கொஞ்சம் அறை மிஞ்சும். ஸ்டீரியோ விரிக்கும் ப்ளக்-இன் எதையும் டெயில் பஸ்ஸில் ஏற்றாதீர்கள். இரு பக்கமும் எதிரெதிராகிவிட்டால் மோனோவில் மண்டபமே மறைந்துவிடும்.

சரிபார்க்கும் வரிசை முக்கியம். ஹெட்ஃபோனில் இடச் சேனல் வலக் காதுக்குப் போவதே இல்லை, அதனால் அகலமும் டெயிலும் உள்ளதைவிடத் துலக்கமாகத் தெரியும். அங்கே டெயிலின் நீளத்தையும் வெட்டுகளையும் முடிவு செய்யலாம், அளவை முடிவு செய்யக் கூடாது. அளவுக்கு மறுநாள் பகலில் ஸ்பீக்கர், பேச்சுக் குரல் உரப்பில். அப்போது எதிர்ப்பக்கத்துச் சிக்கல் வரும்: நம் கான்கிரீட் அறையின் சொந்த எதிரொலி, 0.5 வினாடி எர்லி பஸ்ஸை மூடிவிடும், போதவில்லை என்று தோன்றி ஏற்றிவிடுவோம். எர்லி பஸ்ஸை மட்டும் ஹெட்ஃபோனில் மறுபடி கேட்டு, அதை மியூட் செய்தால் ‘என்னவோ குறைகிறது’ என்றும், திறந்தால் ரிவெர்ப் என்று தனியாகத் தெரியாமலும் இருக்கும் அளவில் நிறுத்துங்கள். பெரும்பாலும் அது முதலில் வைத்ததைவிட 2, 3 டெசிபல் கீழே இருக்கும்.

எர்லிக்கு உண்மையான ஐ.ஆர்., டெயிலுக்கு அல்காரிதம் என்று இரண்டையும் ஒரே பெட்டியில் தரும் கலப்பு ப்ளக்-இன்களும் இருக்கின்றன, ஏபிள்டனின் ஹைப்ரிட் ரிவெர்ப் அப்படித்தான். தத்துவப்படி மேலே சொன்ன இரண்டு பஸ் முறைக்கு அது நெருக்கம். குழுப்பாட்டுக்கு நன்றாகவே உட்கார்ந்தது. தனிக்குரலில் அதிகம் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அங்கே இன்னும் இரண்டு பஸ்தான்.